லொறிச் சாரதியின் உறக்கம்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

லொறி விபத்துச் செய்திகள் பத்திரிகைகளில் வெளிவரும் முறையை நாம் யாவரும் அறிவோம். விபத்து நிகழ்ந்த இடம், நேரம், மாண்டோர் தொகை, காயமுற்றோர் தொகை ஆகியன முதலிற் கூறப்படும். இறுதியில், சாரதியின் கவனயீனமே விபத்துக்குக் காரணமென்று பொலிஸார் கருதுவதாக ஒரு வாக்கியம் இடம்பெறும். அவ்வாக்கியத்துடன் செய்தி முடிந்துவிடுகின்றது. வாசகனும் பெருமூச்சொன்று விட்டு, அடுத்த பக்கத்தைப் புரட்டுகின்றான். சாரதி ஏன் கவனம் இழந்தான், எத்தனை மணித்தியாலம் விழித்திருந்தான், அவனை விழித்திருக்கச் செய்தது யாது என்னும் வினாக்கள் எழுவதேயில்லை.

விபத்து என்னும் சொல்லே ஒருவகையில் நம்மை ஏமாற்றுவதாகும். எதிர்பாராது நேர்ந்தது, எவராலும் தடுக்கமுடியாதது, விதியின் செயல் என்ற பொருட்சாயல்கள் அச்சொல்லைச் சூழ்ந்துள்ளன. ஆயின், ஒரே வகையான நிகழ்ச்சி ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே அளவில், ஒரே வகையான காரணங்களால் நிகழுமாயின், அதனை எதிர்பாராதது என்று கூறுதல் பொருந்துமா? அதற்கு ஒரு வரலாறு இருத்தல் வேண்டும். அவ்வரலாற்றை ஐக்கிய அமெரிக்காவைச் சிறப்பாகவும், ஸ்பெயின், அவுஸ்திரேலியா முதலிய நாடுகளைத் துணையாகவும் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். லொறிப் போக்குவரத்து மிகப் பெருந்தொழிலாக வளர்ந்த நாடு அமெரிக்கா. அதனை ஒழுங்குசெய்யும் சட்டங்கள் இயற்றப்பட்டதும் தளர்த்தப்பட்டதும் அங்கு ஆண்டு தவறாது பதிவாகியுள்ளன. ஆதலின் முதலாளித்துவப் பொருளாதாரத்துக்கும் வீதியில் சிந்தும் குருதிக்கும் உள்ள தொடர்பை அங்கு தெளிவாகக் காணலாம்.

சரக்கு வண்டியும் அதனால் வரும் இடரும் புதியனவல்ல. உப்பு வணிகரான உமணர் தம் வண்டியின் கீழே மேலதிகமான அச்சொன்றைக் கட்டிச் சென்ற செய்தியைச் சங்கப் பாடலொன்று நமக்குத் தருகின்றது. மேடும் பள்ளமும் நிறைந்த வழியில் அச்சு முறியலாம் என்பதை எண்ணி முன்கூட்டியே செய்துகொண்ட காப்பு அது. மயிலிறகேயாயினும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பதை வள்ளுவரும் அரசியலுக்கு உவமையாக எடுத்தாண்டார். வண்டிக்கும் ஓர் எல்லையுண்டு, எல்லை கடந்தால் அது முறியும் என்பதைப் பண்டைச் சமுதாயம் அறிந்திருந்தது. மாடு களைத்தால் வண்டி நிற்கும். இயந்திரமோ களைப்பதில்லை, அதனைச் செலுத்தும் மனிதன் மட்டுமே களைக்கின்றான். லொறி விபத்தின் வரலாற்றுக்கு அடிப்படையான முரண்பாடு இதுவே.

1896ஆம் ஆண்டில் ஜேர்மனியைச் சேர்ந்த கொட்லீப் டைம்லர் முதலாவது மோட்டார் லொறியை அமைத்தார். அதன் இயந்திரம் நான்கு குதிரை வலுவுடையது. ஏற்றக்கூடிய பாரம் ஏறத்தாழ ஒன்றரைத் தொன். இருபது ஆண்டுகளுள் இவ்வாகனம் உலக யுத்தமொன்றின் விதியை நிர்ணயிக்கும் கருவிகளுள் ஒன்றாயிற்று. 1916இல் வெர்டன் கோட்டையைக் காக்கப் போரிட்ட பிரெஞ்சுப் படைக்கு உணவும் வெடிமருந்தும் பார்-லெ-டுக் நகரிலிருந்து செல்லும் ஒரேயொரு வீதி வழியாக லொறிகளிலேயே சென்றன. சில வினாடிகளுக்கு ஒன்றாக, இரவு பகலாக அவை ஓடின. இயந்திரத்தை இடையறாது ஓட்டலாம், சாரதியையும் அவ்வாறே ஓட்டலாம் என்னும் பாடத்தை யுத்தம் கற்பித்தது. சமாதான காலத்து வணிகமும் அப்பாடத்தை மறக்கவில்லை.

1920களில் அமெரிக்க வீதிகள் செப்பனிடப்பட்டதும், புகையிரதத்துடன் போட்டியிடும் வலிமை லொறிக்கு வாய்த்தது. 1929இன் பொருளாதார வீழ்ச்சி இப்போட்டியை மேலும் கொடியதாக்கிற்று. வேலையிழந்தோர் பலர் தவணை முறையில் ஒரு லொறியை வாங்கி, கிடைத்த கூலிக்குச் சரக்கேற்றினர். தவணைப் பணம் கட்டத் தவறினால் லொறி பறிபோகும். ஆகவே உறங்காது ஓட்டினர். இவ்வாழ்க்கையை ஏ. ஐ. பெஸறிடிஸ் 1938இல் வெளியிட்ட நாவலொன்றில் சித்திரித்தார். 1940இல் ராவுல் வால்ஷ் அதனைத் தழுவித் திரைப்படமொன்றை எடுத்தார். அதில் ஹம்ப்றி போகார்ட் ஏற்று நடித்த பாத்திரம், வண்டி செலுத்துகையில் உறங்கிவிட்டு விபத்தில் ஒரு கையை இழக்கின்றது. ஹொலிவூட் திரைப்படம் வழக்கம்போலக் காதலையும் கொலையையும் நாடிச் சென்றதாயினும், சாரதியின் உறக்கத்துக்கும் அவனது கடனுக்குமிடையே உள்ள தொடர்பை அதனாலும் மறைக்க இயலவில்லை.

இந்நிலையை மாற்ற முதற்கண் முன்வந்தோர் தொழிலாளரே. 1934இல் மினியாபொலிஸ் நகரின் லொறிச் சாரதிகளும் அவர்தம் உதவியாளரும் 574ஆம் இலக்கத் தொழிற்சங்கத்தின் கீழ் அணிதிரண்டு, மும்முறை வேலைநிறுத்தம் செய்தனர். பெப்ரவரியில் நிலக்கரி லொறிகள் நின்றன. மே மாதத்தில் நகரின் சரக்குப் போக்குவரத்து முழுவதும் நின்றது. ஜூலையில் போராட்டம் மீண்டும் வெடித்தது. ஜூலை 20ஆம் திகதி பொலிஸார் நிராயுதபாணிகளான வேலைநிறுத்தக்காரர்மீது துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர். இருவர் மாண்டனர், அறுபதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். ஆகஸ்டில் தொழிற்சங்கத்தை ஏற்றுக்கொள்ள முதலாளிகள் இணங்கினர். வேதனமும் சங்க உரிமையுமே இப்போராட்டத்தின் நேரடிக் கோரிக்கைகள். எனினும், தன் வேலை நேரத்தைப் பற்றிப் பேசும் வலிமை சாரதிக்கு வாய்த்தது இத்தகைய போராட்டங்களின் பயனாகவே என்பதை நாம் மறத்தலாகாது.

1935 ஆகஸ்டில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையொப்பமிட்ட மோட்டார்ப் போக்குவரத்துச் சட்டம், மாநிலங்களுக்கிடையே ஓடும் லொறிகளை வர்த்தக ஆணைக்குழுவின் கட்டுப்பாட்டுக்குள் கொணர்ந்தது. கட்டணமும் அனுமதியும் மட்டுமன்றி, சாரதியின் வேலை நேரமும் முதன்முறையாக நாடளாவிய சட்டத்துக்குட்பட்டது. 1937இன் இறுதியில் ஆணைக்குழு விதித்த முதல் ஒழுங்கு, பதினைந்து மணித்தியால எல்லைக்குள் பன்னிரண்டு மணித்தியால வேலைக்கு இடமளித்தது. தொழிற்சங்கங்கள் நாளுக்கு எட்டு மணித்தியாலமே வேண்டுமெனக் கோரின. 1938இல் ஒழுங்கு திருத்தப்பட்டது: இருபத்துநான்கு மணித்தியாலத்தில் பத்து மணித்தியாலம் மட்டுமே வண்டி செலுத்தலாம், இடையே எட்டு மணித்தியாலம் தொடர்ச்சியான ஓய்வு வேண்டும். அமெரிக்கப் புகையிரதத் தொழிலாளர் எட்டு மணித்தியால வேலைநாளை 1916இலேயே சட்டமாகப் பெற்றிருந்தனர் என்பதை ஒப்புநோக்கினால், லொறிச் சாரதி பெற்றது எத்துணை குறைவு என்பது விளங்கும்.

அதே 1938ஆம் ஆண்டில் மற்றொரு சட்டமும் நிறைவேறியது. நியாயமான தொழில் நியமங்கள் பற்றிய அச்சட்டம், வாரத்தில் குறித்த மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்வோருக்கு ஒன்றரை மடங்கு வேதனம் வழங்கவேண்டும் என விதித்தது. ஆயின், ஆணைக்குழுவின் நேரக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட லொறிச் சாரதிகளுக்கு அவ்வுரிமை மறுக்கப்பட்டது. அவர்தம் நேரம் ஏலவே வேறொரு சட்டத்தாற் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது என்பதே கூறப்பட்ட நியாயம். இவ்விலக்கு இன்றுவரை நீக்கப்படவில்லை. மேலதிக நேரத்துக்கு மேலதிக வேதனம் கொடுக்கும் கடமை முதலாளிக்கு இருப்பின், தொழிலாளியை நீண்ட நேரம் வைத்திருக்க அவன் தயங்குவான். லொறிச் சாரதி விடயத்தில் அத்தயக்கத்துக்கு இடமில்லாது போயிற்று.

சட்டத்தின் எழுத்தும் காலப்போக்கில் தளர்ந்தது. 1962இல் இருபத்துநான்கு மணித்தியாலக் கணக்கு நீக்கப்பட்டது. எட்டு மணித்தியால ஓய்வின் பின் பத்து மணித்தியாலம் செலுத்தலாம் என்பது மட்டும் எஞ்சிற்று. இதன் விளைவைச் சிறு கணக்கொன்றால் அறியலாம். பத்து மணித்தியாலம் செலுத்தி, எட்டு மணித்தியாலம் ஓய்ந்து, மீண்டும் ஆறு மணித்தியாலம் செலுத்தினால் இருபத்துநான்கு நிறைவுறும். அதில் வண்டியோட்டிய நேரம் பதினாறு மணித்தியாலம். சட்டம் மீறப்படாமலே இது நிகழலாம். மேலும், பதினெட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை சுழலும் இவ்வேலைநாளில், இன்று இரவு உறங்கியவன் நாளை நண்பகலில் உறங்கவேண்டியவனாகின்றான். சூரியனின் சுழற்சிக்கு இயைந்து அமைந்த மனித உடல் கம்பனியின் சுழற்சிக்கு எங்ஙனம் இயையும்? 2004ஆம் ஆண்டு தொடக்கத்திலேயே இவ்விதி மாற்றப்பட்டது. பத்து மணித்தியால ஓய்வும், பதினான்கு மணித்தியால வேலை எல்லைக்குள் பதினொரு மணித்தியாலச் செலுத்துகையும் என்பதே பின்னர் வந்த விதி. ஓய்வு கூடிற்று, ஆனால் செலுத்தும் நேரமும் ஒரு மணித்தியாலத்தால் கூடிற்று என்பது கவனிக்கத்தக்கது.

உறக்கத்தை மறுத்த தொழில், அதற்கு மாற்றாக மாத்திரையை வழங்கிற்று. 1950களிலேயே அமெரிக்க நெடுஞ்சாலைத் தரிப்பிடங்களில் பென்சட்ரின் போன்ற ஊக்க மாத்திரைகள் களவாக விற்கப்பட்டன. 1989 ஒக்டோபரில் அவுஸ்திரேலியாவின் கிராப்டன் நகருக்கு அண்மையில், பெருலொறியொன்று பயணிகள் பஸ்ஸுடன் நேருக்கு நேர் மோதி, 21 பேர் மாண்டபோது, லொறிச் சாரதியின் குருதியில் எபெட்ரின் என்னும் ஊக்கமருந்து மிகையாகக் காணப்பட்டது. அவனும் மாண்டோருள் ஒருவன். அவனைப் போதைக்கு அடிமையானவன் என்று இகழ்ந்து நாம் அமைதி அடையலாம். ஆயின், களியாட்டத்துக்காக அன்றி வேலைக்காக மருந்துண்ணும் மனிதனை உருவாக்கிய சமுதாயத்தைப் பற்றி என்ன கூறுவது?

இனி, இவ்விபத்துகள் உடலில் விளைக்கும் கேட்டினை நோக்குவோம். அமெரிக்காவின் மாநில இணைப்பு நெடுஞ்சாலைகளில் முழுப்பாரத்துடன் செல்லும் லொறியொன்றின் எடை எல்லை 80,000 இறாத்தல். ஏறத்தாழ 36,000 கிலோகிராம். 1956இல் 73,280 இறாத்தலாக இருந்த எல்லை 1974இல் இவ்வாறு உயர்த்தப்பட்டது. சாதாரண மோட்டார்க் காரின் எடையினும் இது இருபது மடங்குக்கு மேற்பட்டது. ஓடும் பொருளின் சக்தி அதன் எடையோடு நேர்விகிதமாகவும், வேகத்தின் வர்க்கத்தோடும் கூடும் என்பதைப் பௌதிக வகுப்பில் மாணவர் கற்கின்றனர். வேகம் இருமடங்காயின் சக்தி நான்கு மடங்காகும். அச்சக்தி முழுவதையும் பிறேக் வெப்பமாக மாற்றியாகவேண்டும். நீண்ட இறக்கத்தில் பிறேக்கை இடைவிடாது அழுத்தினால், அதன் உருளை சூடேறி, பிடிக்கும் வலுவை இழக்கின்றது. சாரதி மிதியை அழுத்துகின்றான், வண்டி நிற்பதில்லை. பிறேக்கைச் சீர்செய்யும் செலவு சிறிது. எனினும் வண்டி ஒருநாள் ஓடாது நிற்பதால் ஏற்படும் நட்டமே கம்பனியின் கணக்கிற் பெரிதாகத் தோன்றுகின்றது.

மோதலில் மாள்வோர் பெரும்பாலும் லொறியில் இருப்போரல்லர். அமெரிக்காவில் அண்மைய ஆண்டுகளில் பெருலொறிகள் தொடர்பான விபத்துகளில் ஆண்டுதோறும் 5,000க்கு மேற்பட்டோர் உயிரிழந்துள்ளனர். அவர்களுள் பத்தில் ஏழு பேரளவில் பிற வாகனங்களில் சென்றோர். லொறியின் பின்தட்டு உயரமானது. பின்னால் வரும் சிறிய கார் அதனடியிற் புகுந்துவிடின், காரின் முன்புறம் மோதலைத் தாங்கும் வாய்ப்பை இழக்கின்றது. தட்டின் விளிம்பு நேரே தலைமட்டத்தை அடைகின்றது. தலை, கழுத்து, முள்ளந்தண்டு ஆகியன சிதைகின்றன. 1967 ஜூனில் திரைப்பட நடிகை ஜேன் மான்ஸ்பீல்ட் நியூ ஒர்லியன்சுக்கு அண்மையில் இவ்வாறு மாண்டதன் பின்னரே இவ்வகை மோதல் பொதுமக்கள் கவனத்தை ஈர்த்தது. பின்தட்டின் கீழே தடுப்புச் சட்டமொன்று வேண்டும் என்ற விதி 1953இலேயே இருந்தது. ஆயின் அச்சட்டம் நிலத்திலிருந்து 30 அங்குல உயரத்தில் இருக்கலாம் என அவ்விதி அனுமதித்தது. அதனை 22 அங்குலமாகத் தாழ்த்தி, வலிமையையும் வரையறுத்த விதி நடைமுறைக்கு வந்தது 1998இல். நாற்பத்தைந்து ஆண்டுகளில் எட்டு அங்குலம்! புகழ்பெற்ற நடிகையொருத்தி மாண்ட பின்னரும் முப்பத்தோர் ஆண்டுகள் கழிந்தன. பெயர் அறியப்படாதோரின் சாவு எவர் செவியில் ஏறும்?

உயிர் தப்பியோரின் நிலையும் எண்ணத்தக்கது. முள்ளந்தண்டு முறிந்தோர் வாழ்நாள் முழுவதும் படுக்கையில் கிடக்கின்றனர். மூளையில் அடிபட்டோர் நினைவாற்றலையும் பேச்சையும் தொழில் திறனையும் இழக்கின்றனர். எரிபொருள் தீப்பற்றினால் எரிகாயங்கள். லொறிச் சாரதியும் இதற்கு விலக்கல்லன். வண்டி புரண்டு, முன்னறை நசுங்கும்போது பின்னாலுள்ள சரக்கே அவனை அழுத்துகின்றது. அமெரிக்காவில் தொழிலின்போது உயிரிழப்போரின் தொகையை நோக்குமிடத்து, பெருலொறிச் சாரதிகளே ஏனைய தொழிலினர் யாவரிலும் மிகுந்த தொகையினராக உள்ளனர். கொல்லும் வாகனத்தைச் செலுத்துபவனே அதற்குப் பலியாகுபவனாகவும் இருக்கின்றான்.

விபத்தின் பின்னணியில் இலாபக் கணக்கு எவ்வாறு செயற்படுகின்றது என்பதற்கு ஸ்பெயினில் நிகழ்ந்த கொடுமை தக்க சான்றாகும். 1978 ஜூலை 11ஆம் திகதி தாரகோனா மாகாணத்தில், புரோபிலீன் என்னும் எரிவாயுவைத் திரவ நிலையில் ஏற்றிய தாங்கி லொறியொன்று லொஸ் அல்பாக்கெஸ் என்னும் கடற்கரை முகாமுக்கு அருகே வெடித்தது. விடுமுறையைக் கழிக்கக் கூடாரமிட்டிருந்த மக்களுள் இருநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மேலும் பலர் கொடிய எரிகாயங்களுக்குள்ளாயினர். ஏறத்தாழ 19 தொன் மட்டும் ஏற்றத்தக்க தாங்கியில் 23 தொன்னுக்கு மேல் ஏற்றப்பட்டிருந்தது. வெப்பத்தால் திரவம் விரிவடைய இடமிருக்கவில்லை. மிகை அழுத்தத்தை வெளியேற்றும் வாயிலும் தாங்கியில் இருக்கவில்லை. அண்மையிலேயே கட்டணம் அறவிடும் நெடுஞ்சாலை இருந்தும், லொறி கட்டணமற்ற கடற்கரை வீதியிற் சென்றது. சாரதியும் அதே இடத்தில் மாண்டான். மாண்டவனைக் குற்றஞ்சாட்டுவது எளிது. ஆயின் அத்தாங்கியை நிரப்பியவன் அவனல்லன். பின்னர் நடந்த விசாரணையில் கம்பனிகளைச் சேர்ந்தோர் சிலர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர் என்பதும் ஈண்டு குறிப்பிடத்தக்கது. ஆபத்தான சரக்குகள் குடியிருப்புகளினூடே செல்வதற்கு ஸ்பெயின் கட்டுப்பாடு விதித்தது இதன் பின்னரேயாகும். வள்ளுவர் கூறிய மயிலிறகு அச்சை மட்டுமே முறித்தது.

அமெரிக்காவுக்கு மீள்வோம். 1980 ஜூலை 1ஆம் திகதி ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட புதிய சட்டம், 1935இன் கட்டுப்பாடுகள் பலவற்றைத் தளர்த்திற்று. கட்டணத்தைக் கம்பனிகள் தாமே நிர்ணயிக்கலாம். எவரும் எளிதில் தொழிலில் இறங்கலாம். போட்டியால் விலை குறையும், நுகர்வோர் நன்மையடைவர் என்று கூறப்பட்டது. கட்டணம் குறைந்தது உண்மையே. அக்குறைவின் பெரும்பகுதி யாருடைய தோளில் இறங்கிற்று? தொழிற்சங்கத்தின் வலிமை சிதைந்தது. சாரதியின் உண்மை வேதனம் வீழ்ந்தது. முன்னாளில் தாமே லொறிச் சாரதியாக இருந்து பின்னர் பொருளியல் ஆய்வாளரான மைக்கல் பெல்ஸர், 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இத்தொழிலைச் சக்கரங்களின்மேல் ஓடும் வியர்வைக்கூடம் என வருணித்தார். வேதனம் உயர்ந்தால் விபத்துக் குறைகின்றது என்பதையும் அவரும் அவரோடு ஆய்ந்தோரும் கணக்கிட்டுக் காட்டினர்.

இதன் பொறிமுறை எளிதானது. நெடுந்தூரச் சாரதிகள் பலருக்கு வேதனம் மணிக்கணக்கிலன்றி மைல்கணக்கிலேயே வழங்கப்படுகின்றது. சரக்கேற்றவும் இறக்கவும் களஞ்சிய வாயிலில் காத்துநிற்கும் மணித்தியாலங்களுக்குப் பெரும்பாலும் கூலியில்லை. அங்கே இழந்ததை வீதியில் ஈடுசெய்தாகவேண்டும். வேகம் கூடுகின்றது, ஓய்வு குறைகின்றது, குறிப்பேட்டில் ஓய்வு என்று எழுதப்பட்ட நேரத்தில் வண்டி ஓடிக்கொண்டிருக்கின்றது. அக்குறிப்பேட்டைச் சாரதிகள் வேடிக்கைச் சித்திரப் புத்தகம் என்றே தம்முள் அழைத்தனர். 2017 டிசம்பரில் மின்னணுப் பதிவுக்கருவி கட்டாயமாக்கப்பட்டது. பொய்யெழுதுவது கடினமாயிற்று. பொய்யெழுதத் தூண்டிய காரணமோ அவ்வாறே உள்ளது.

இவ்விடத்தில் எதிர்வாதமொன்றுக்கு விடை கூறவேண்டும். 2001 முதல் 2003 வரை அமெரிக்க அரசாங்கம் 963 லொறி விபத்துகளை விரிவாக ஆராய்ந்தது. விபத்துக்கு உடனடிக் காரணம் லொறியின் பக்கத்தில் இருந்தவற்றுள், நூற்றுக்கு 87 சாரதியின் செயலால் நேர்ந்தவை, 10 வாகனக் கோளாறால் நேர்ந்தவை, 3 சூழலால் நேர்ந்தவை என அது முடிவுகூறிற்று. பெரும்பாலானவை சாரதியின் தவறே என்று இதனைக் காட்டி வாதிப்போர் உளர். ஆயின், அவ்வாய்வு கணக்கெடுத்தது மோதலுக்குச் சற்று முன்னர் நிகழ்ந்த இறுதிச் செயலையே. அதே ஆய்வு, லொறிகளுள் நூற்றுக்கு 29இல் பிறேக் குறைபாடும், 13இல் சாரதியின் களைப்பும் துணைக் காரணிகளாக இருந்தன என்றும் கூறுகின்றது. சங்கிலியின் கடைசி வளையம் எப்போதும் சாரதியின் கையிலேதான் இருக்கும். ஏனெனில் சக்கரத்தைப் பிடித்திருப்பவன் அவனே. முதல் வளையம் எங்கே உள்ளது என்பதே வரலாறு எழுப்பும் வினா.

2014 ஜூன் 7ஆம் திகதி நியூ ஜேர்சி நெடுஞ்சாலையில் நிகழ்ந்த மோதல் இதனை விளக்கும். வீதி வேலை நடந்த இடத்தில் மெதுவாகச் சென்ற வாகனமொன்றைப் பின்னால் வந்த லொறி மோதிற்று. நகைச்சுவை நடிகர் ட்ரேசி மோர்கன் மூளையிலும் காலிலும் கடும் காயமடைந்தார். அவருடன் சென்ற கலைஞரொருவர் மாண்டார். மணிக்கு 45 மைல் எல்லையுள்ள இடத்தில் லொறி 65 மைல் வேகத்தில் வந்தது. அதன் சாரதி 28 மணித்தியாலமாக உறங்கியிருக்கவில்லை என விசாரணை கண்டது. ஜோர்ஜியாவிலுள்ள தன் வீட்டிலிருந்து டெலவெயரிலுள்ள வேலைத்தலத்துக்கு ஏறத்தாழ 800 மைல் கார் ஓட்டிவந்த பின்னரே அவர் லொறியில் ஏறினார். சட்டத்தின் கணக்கு வேலை தொடங்கியபோதே தொடங்கிற்று. அக்கணக்கின்படி பதினான்கு மணித்தியால எல்லையை அவர் இன்னும் தாண்டியிருக்கவில்லை. அவர் ஓய்ந்திருக்கவேண்டும் என்பதை எவரும் மறுக்கார். ஆயின் வேலைத்தலத்துக்கும் வீட்டுக்குமிடையே உள்ள 800 மைலைக் காணாத சட்டத்தையும், அதனைக் காண விரும்பாத தொழில்முறையையும் என் செய்வது? அவ்வாண்டு டிசம்பரிலேயே அமெரிக்கக் காங்கிரஸ், வாராந்த ஓய்வில் இரு இரவுகளின் பின்சாம நேரம் அடங்கவேண்டும் என்ற விதியை இடைநிறுத்திற்று. விபத்து ஜூனில், தளர்வு டிசம்பரில். வர்த்தக நலனின் குரல் மரண ஓலத்தினும் உரத்தது போலும்.

தீர்வு எளிதென்று நாம் கூறவில்லை. தொழிலாளர் நலனும் தொழிலாளர் விருப்பும் எப்போதும் ஒரே திசையிற் செல்வதில்லை என்பதையும் வரலாறு காட்டுகின்றது. வண்டி ஓடிய நேரத்தையும் வேகத்தையும் தானே பதியும் கருவியை ஐரோப்பியச் சமூகம் 1970இல் விதித்தபோது, பிரித்தானியத் தொழிற்சங்கத்தினர் அதனை வண்டிக்குள் வைத்த உளவாளி எனக் கூறி எதிர்த்தனர். 1979இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளிக்கும்வரை பிரித்தானியா அதனைக் கட்டாயமாக்கவில்லை. தம்மைக் காக்கும் கருவியை அவர்கள் ஏன் வெறுத்தனர்? தம்மைக் கண்காணிக்க முதலாளி ஏவிய கருவியாகவே அனுபவம் அதனை அவர்களுக்குக் காட்டிற்று. அவுஸ்திரேலியாவில் வேதனத்துக்கும் வீதிப் பாதுகாப்புக்கும் உள்ள தொடர்பை ஏற்று, 2012இல் தனி நியாயசபையொன்று நிறுவப்பட்டது. 2016இல் அது குறைந்தபட்சக் கட்டணத்தை விதித்ததும், சொந்த லொறி வைத்திருந்த சாரதிகள் பலரே தமக்கு வேலை கிடையாது போகும் என அஞ்சித் தெருவிலிறங்கினர். பெருங்கம்பனிகளின் லொறிகளுக்கு அவ்விதி பொருந்தாமையால் அவர்தம் அச்சம் முற்றும் ஆதாரமற்றதன்று. அவ்வாண்டு ஏப்ரலிலேயே நியாயசபை கலைக்கப்பட்டது. எனினும், 2024இல் நிறைவேறிய சட்டம் வீதிப் போக்குவரத்தில் குறைந்தபட்ச நியமங்களை விதிக்கும் அதிகாரத்தை மீண்டும் ஒரு பொது ஆணைக்குழுவுக்கு அளித்தது. தோற்ற கருத்து மீண்டு வந்தமை, அதன் தேவை தீராமையாலேயே.

சாரதிக்குப் பொறுப்பில்லை என்று நாம் வாதிக்கவில்லை. குடித்துவிட்டு ஓட்டுபவனையும், உயிரைத் துச்சமாக மதித்து விரைபவனையும் சட்டம் தண்டித்தே ஆகவேண்டும். ஆயின் ஒருவனைத் தண்டித்து, அவனிடத்தில் அதே களைப்புடனும், அதே கடனுடனும், அதே பழுதுற்ற பிறேக்குடனும் மற்றொருவனை ஏற்றிவிடுவது நீதியாகாது, பாதுகாப்புமாகாது. கைத்தொழிற்சாலையில் இயந்திரம் தொழிலாளியின் விரலைத் துணித்தால், இயந்திரத்துக்குக் காப்பு இருந்ததா என்று கேட்கும் வழக்கம் நீண்ட போராட்டத்தின் பின் நிலைபெற்றது. வீதியும் ஒரு தொழிற்சாலையே. கூரையும் மதிலும் இன்மையால் அதன் முதலாளி நம் கண்ணுக்குப் புலப்படாதிருக்கின்றான், அவ்வளவே.

ஆதலின் ஆசிரியர்களாகிய நாமும் மாணவர்களும் பத்திரிகையில் அடுத்த லொறி விபத்துச் செய்தியை வாசிக்கும்போது, அதன் இறுதி வாக்கியத்துடன் நின்றுவிடாது சில வினாக்களை எழுப்பப் பழகவேண்டும். சாரதி எப்போது உறங்கி எழுந்தான்? அவனுக்குக் கூலி மைலுக்கா, மணிக்கா? ஏற்றிய பாரம் எவ்வளவு. ஏற்றச் சொன்னவர் யார்? பிறேக்கை இறுதியாகச் சோதித்தது எப்போது? காயமுற்றோரின் வைத்தியச் செலவை ஏற்பவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை தேடும் மக்கள் பெருகும்போதுதான், 1934இல் மினியாபொலிஸ் வீதியில் குருதி சிந்தியோர் தொடங்கிவைத்த பணி முற்றுப்பெறும்.